சுட்டுவிரலும் தடியங்காயும்

என் மனைவி ஜெபமலர் பள்ளிக்கூடத்து வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று அவளுடைய மேசையில் இருந்ததையெல்லாம் ஒரு பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்தாள். கரும்பலகையில் எழுத்தைத் தொட்டுக் காட்டுகிற பிரம்பை மட்டும், அடுத்து வருகிற டீச்சருக்கு வேண்டியிருக்கும் என்று அங்கேயே விட்டுவிட்டாள். அந்தப் பிரம்பையும் கொண்டு வந்திருந்தால் நான் இப்போது எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

அவள் வேலை பார்த்த காலம் முழுவதும் ஒன்றாம் வகுப்புதான். பெரிய வகுப்பு தருகிறேன் என்று தலைமை ஆசிரியை கூப்பிட்டபோதெல்லாம், "எழுத்து தெரிஞ்ச பிள்ளைகள யாரு வேணாலும் பாத்துக்கிடலாம்" என்று மறுத்துவிட்டாள். தென்காசிக் கடைத்தெருவில் மீசை முறுக்கினவர்கள்கூட அவளைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்குவார்கள். நான் அரசு ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து அவளுக்கு முன்பே ஓய்வு பெற்றவன். ஓய்வு என்றால் நாற்காலியும் பத்திரிகையும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் வந்த மறுநாளே நாற்காலியைத் தூக்கிக் கிணற்றடிக்குப் பக்கத்தில் போட்டு, "இங்கன இருந்து படிங்க. கோழி வந்தா விரட்டணும்" என்றாள்.

எங்கள் வீடு இலஞ்சிக்குப் போகிற வழியில் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் கிணறும், அதை ஒட்டி ஒரு துண்டு நிலமும் உண்டு. அதுவரை துணி காயப் போடத்தான் அது பயன்பட்டது. ஒரு கோடை முடிவதற்குள் ஜெபமலர் அதை வகுப்பறையாக்கிவிட்டாள். கத்தரி முன் வரிசை, வெண்டை நடு வரிசை, சீனி அவரைக்காய் பின் வரிசை. உயரமாக வளர்கிறது முன்னால் நின்றால் பின்னால் இருக்கிற குட்டைக்கு வெயில் மறைக்குமாம். காலையில் தண்ணீர் விடப் போகும்போது வருகைப்பதிவு எடுப்பதுபோல ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று பார்ப்பாள். வாடி நிற்கிற மிளகாய்ச் செடியிடம், "நேத்துச் சொன்னேன்லா? நிமிந்து நில்லு" என்பாள். அது சாயங்காலத்துக்குள் நிமிர்ந்தும்விடும். நான் சிரித்தால், "ஆஸ்பத்திரிக்காரங்களுக்கு நோவு வந்தபெறவுதான் பாக்கத் தெரியும்" என்று எனக்கும் ஒரு கொட்டு விழும்.

இவ்வளவுக்கும் காரணம் ஒரே ஒரு காய். எங்கள் கிறிஸ்தவக் கோயிலில் வருஷத்துக்கு ஒரு தடவை அறுப்பின் பண்டிகை வரும். அவரவர் நிலத்தில் முதலில் விளைந்ததை ஆண்டவருக்கு முன் கொண்டு வந்து வைக்க வேண்டும். பேரைச் சொல்லி ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி ஜெபித்துவிட்டு, அதையெல்லாம் அசனத்துக்கு, அதாவது எல்லோரும் சேர்ந்து சாப்பிடுகிற விருந்துக்கு, சமைத்துவிடுவார்கள். பயிர் எதுவும் வைக்காத நாங்கள் வருஷாவருஷம் பாவூர்சத்திரத்துச் சந்தையிலிருந்து வந்த தடியங்காயை வாங்கி வைப்போம். வெளியூரில் வெள்ளைப் பூசணி என்கிறார்களே, அதுதான். ஒவ்வொரு தடவையும், "ஜெபமலர் டீச்சர் வீட்டு முதற்பலன்!" என்று சொல்லும்போது அவள் தலையைக் குனிந்துகொள்வாள். "யாரோ வெளைய வச்சத நம்ம வீட்டு முதற்பலன்னு சொல்லுதாங்க. அடுத்தவன் சிலேட்டப் பாத்து எழுதுன மாதிரி இருக்கு" என்பாள். ஓய்வு பெற்ற பிறகு அவள் ஆண்டவரிடம் கேட்டது ஒன்றுதான்: தன் கையால் நட்டு, தன் வீட்டில் காய்த்த ஒரு தடியங்காய். அது அந்த வருஷப் பண்டிகைக்கு வேண்டும்.

விதை நன்றாகவே முளைத்தது. கொடி ஓடி, எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் இருந்த மூங்கில் வேலிவரை போனது. பக்கத்து வீட்டில் இருந்தவள் குழல்வாய்மொழி. எங்களைவிட இரண்டு மூன்று வயதுதான் மூத்தவள் என்றாலும் தெருவுக்கே ஆச்சி. குற்றாலத்து அம்மன் பேரை வைத்திருந்ததால் அந்த அம்மன் சார்பில் பேசும் உரிமையும் தனக்கு உண்டு என்பதுபோல நடந்துகொள்வாள்.

ஆனி பிறந்தது. மலையிலிருந்து சாரல் இறங்கியது. குற்றாலத்தில் அருவி விழுந்தால் எங்கள் ஊரில் எல்லார் வீட்டிலும் விருந்தாளி விழுவார்கள். பாளையங்கோட்டையிலிருந்து என் தங்கை குடும்பம், தூத்துக்குடியிலிருந்து ஜெபமலருடைய அண்ணன் குடும்பம், அவர்களோடு வந்த இன்னும் யாரோ. அருவியில் குளித்து எண்ணெய் வாசனையோடு வந்து இறங்குகிற ஒவ்வொருவரையும் ஜெபமலர் தலைகூடத் துவட்டவிடாமல் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போவாள். போய், பிரம்புக்குப் பதிலாகச் சுட்டுவிரலை நீட்டி, "இந்தா பாருங்க ஒரு பிஞ்சு. அந்தா ஒண்ணு. இலைக்கு அடியில இன்னொண்ணு" என்று காட்டுவாள்.

ஒரு நாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு அலறல் கேட்டது.

"ஏ யம்மா! டீச்சரம்மா, என்ன காரியம் பண்ணுதிய! பிஞ்சப் பாத்து விரல நீட்டலாமா? அழுகிப் போகும்லா!"

காய்க்கிற கொடியில் பிஞ்சைக் காட்டும்போது விரலை நீட்டக் கூடாது, மடக்கித்தான் காட்ட வேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். எங்கள் சபையிலேயே பாதிப் பேர் வீட்டில் மடக்கித்தான் காட்டுவார்கள். வெளியே ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அவ்வளவுதான்.

"ஆச்சி, முப்பது வருஷமா பிள்ளைகளப் பாத்து இந்த விரலத்தான் நீட்டுனேன். ஒரு பிள்ளையும் அழுகல" என்றாள் ஜெபமலர்.

"பிள்ளையும் பிஞ்சும் ஒண்ணா? பிள்ள வாயத் திறந்து அழும். இது பாவம், உள்ளயே அழும்."

அந்த வாரமே பிஞ்சுகள் மஞ்சளாகி, காம்போடு அழுகி விழ ஆரம்பித்தன. சாரல் விடாமல் அடிக்கிற நாளில் வண்டு பூவுக்கு வராது, பிஞ்சு நிற்காது என்று ஜெபமலர் சொன்னாள். ஆச்சி வேலிக்கு மேலே தலையை நீட்டி, விழுந்த பிஞ்சைப் பார்த்து, பிறகு ஜெபமலரின் வலது கையைப் பார்த்து, பெருமூச்சு விட்டுவிட்டுப் போவாள். திட்டியிருந்தால்கூட இவள் தாங்கியிருப்பாள். அந்தப் பெருமூச்சைத் தாங்க முடியவில்லை.

ஆவணியில் சாரல் கொஞ்சம் ஓய்ந்தபோது கொடியில் கடைசியாக இரண்டே பிஞ்சுகள் தங்கின. ஒன்று வேலி ஓரம், ஒன்று கிணற்றடி. பண்டிகைக்குள் முற்ற வேண்டுமானால் இந்த இரண்டில் ஒன்றுதான். பயந்துகொண்டு விரலை மடக்குவாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவள் சாப்பிடும்போது, "பரீட்சை வச்சிற வேண்டியதுதான்" என்றாள்.

"யாருக்கு?"

"ஆச்சிக்கும் எனக்கும். வேலி ஓரத்துல இருக்கது 'அ'. கிணத்தடியில இருக்கது 'ஆ'. 'அ'வுக்குத் தினமும் விரல் நீட்டுவேன். 'ஆ'வுக்கு நீட்ட மாட்டேன். நீங்களும் நீட்டாதிய. எது அழுகுதுன்னு பாப்போம்."

"ரெண்டும் அழுகிட்டா? இந்த வருஷமும் சந்தைக்காய்தான்."

அவள் சோற்றைப் பிசைந்தாள். "அழுகட்டும். பயந்துக்கிட்டு விரல மடக்கி ஒரு காயக் கொண்டு போனா, அது எனக்கு முதற்பலனா இருக்காது" என்றாள்.

மறுநாளிலிருந்து நாடகம் தொடங்கியது. காலையில் தண்ணீர் விட்டதும் 'அ'வின் முன்னால் போய் நின்று, கரும்பலகையைக் காட்டுகிற மாதிரி கையை முழுசாக நீட்டி, ஆச்சி வீட்டு அடுக்களைவரை கேட்கிற குரலில், "அ! அம்மா!" என்பாள். அந்தப் பக்கத்தில் ஏதாவது ஒரு பாத்திரம் ணங்கென்று வைக்கப்படும்.

"சவத்து விரல ஒடிச்சுதான் போடணும்" என்று ஒரு தடவை எங்களுக்குக் கேட்கும்படியே சொன்னாள் ஆச்சி.

"ஒடிச்சா மடக்கின மாதிரிதான ஆச்சி? அப்ப தோஷம் இல்லல்லா?" என்று இவள் திருப்பிக் கேட்டாள்.

சில நாள் கழித்து, நன்றாக விடிவதற்கு முன்பு நான் கிணற்றடிக்குப் பல் விளக்கப் போனேன். வேலி ஓரத்தில் ஏதோ அசைந்தது. பார்த்தால், ஆச்சி. நீளமான கம்பின் நுனியில் ஒரு சிரட்டை அகப்பையைக் கட்டி, வேலி இடுக்கு வழியாக விட்டு, 'அ'வின் மேல் மெல்ல எதையோ தூவிக்கொண்டிருந்தாள். காய்க்கு அடியில், மண்ணின் ஈரம் படாதபடி, உடைந்த ஓடு ஒன்றும் அதற்கு மேல் வைக்கோலும் இருந்தன. அதை நாங்கள் வைக்கவில்லை. என்னைக் கண்டதும் அகப்பை நின்றது.

"என்ன ஆச்சி இது?"

"அடுப்புச் சாம்பல்தான் சார். பூச்சி அண்டாது." கொஞ்சம் தயங்கினாள். "கொஞ்சம் போலத் திருநீறும் கலந்திருக்கேன்."

"டீச்சர் பரீட்சை வச்சிருக்கால்லா?"

"அவ பரீட்சை கிடக்கட்டும். பச்சைப் பிள்ள மாதிரி இருக்கு சார். தெனமும் முன்னால வந்து நின்னுக்கிட்டு விரல நீட்டுதா. என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியல. அவட்ட சொல்லிராதிய. கேட்டா ஆடுவா."

"கேட்டா சொல்லுவேன். கேக்காம நானா சொல்ல மாட்டேன்" என்றேன்.

ஜெபமலர் கேட்கவில்லை. எப்படிக் கேட்பாள்? தடியங்காய் முற்ற முற்றத் தன் மேலேயே சாம்பல் பூக்கும். தொட்டால் விரலில் வெள்ளையாக ஒட்டும். காயின் சாம்பல் எது, அடுப்பின் சாம்பல் எது, ஆச்சியின் திருநீறு எது என்று எந்தக் கெட்டிக்காரியாலும் பிரித்துச் சொல்ல முடியாது. அடியில் இருந்த ஓட்டையும் வைக்கோலையும் இலைகள் மறைத்திருந்தன.

புரட்டாசி நடுவில் ஒரு மழைக்குப் பிறகு, கிணற்றடியில் யாரும் விரலே நீட்டாத 'ஆ' அடியில் ஈரம் கோத்து அழுகிப் போனது. வேலி ஓரத்து 'அ' ஒரு பெரிய குடம் அளவுக்கு வளர்ந்து, வைக்கோல் மெத்தையில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. ஜெபமலரின் சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. வேலிக்கே போய்க் கூப்பிட்டாள்.

"ஆச்சி! நீட்டுன காய் நிக்கி. நீட்டாத காய் போச்சு. இப்ப என்ன சொல்லுதிய?"

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், ஆச்சி ஜெயித்திருப்பாள். அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். "என்னத்தச் சொல்ல? காலம் மாறிப் போச்சு போல இருக்கு டீச்சரம்மா" என்றாள். அன்றிலிருந்து பண்டிகைவரை தெருவில் போகிறவர்களிடமெல்லாம் ஜெபமலர் இந்தக் கதையைச் சொல்ல, பக்கத்திலேயே நின்று ஆச்சி வாயை மூடிக்கொண்டு கேட்டாள். பரிகாசத்தை வாங்கிக்கொண்டு விடிகாலையில் சாம்பல் தூவுவதையும் நிறுத்தவில்லை.

பண்டிகையன்று காலை குதிரை வண்டி வந்து நின்றது. காயைப் பழைய சேலையில் சுற்றி ஏற்றினோம். "நீங்களும் வாங்க ஆச்சி. நீட்டுன காய் கோயில் ஏறுதத ஒங்க கண்ணால பாக்கணும்லா?" என்றாள் ஜெபமலர். ஆச்சி ஏற்கெனவே தலை வாரி, நல்ல சேலை கட்டித் தயாராகத்தான் இருந்தாள். இவள் குடை எடுக்க உள்ளே போன நேரத்தில் ஆச்சி வண்டிக்குள் குனிந்து காயைத் தடவிக்கொண்டிருந்தாள். புகுந்த வீட்டுக்குப் போகிற பெண்ணுக்கு விடை கொடுக்கிறாள் என்று நினைத்து, நான் குதிரையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

கோயிலில் கரும்பு, வாழைத்தார், சேனை, நெல் மூட்டை என்று பலிபீடத்துக்கு முன்னால் இடமே இல்லை. ஆச்சி செருப்பைக் கழற்றிவிட்டு வாசல் ஓரமாக நின்றுகொண்டாள். காணிக்கைகளைத் தூக்கிக் காட்டுகிற வேலை சபைக் கமிட்டியில் இருந்த ஏசுதாசனுக்கு. கறுப்புக் கோட்டுப் போட்ட பெரிய மனிதர். அவரும் ஒரு காலத்தில் ஜெபமலரிடம் அ எழுதியவர்தான்.

"ஜெபமலர் டீச்சர் தன் சொந்தத் தோட்டத்தில், தன் கையால் விளைவித்த முதற்பலன்!" என்று அவர் காயைத் தலைக்கு மேலே தூக்கினார். இந்தத் தடவை ஜெபமலர் தலையைக் குனியவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கனம் தாங்காமல் ஏசுதாசன் காயைக் கொஞ்சம் புரட்டிப் பிடித்தார். அடிப்பக்கம் சபையைப் பார்த்துத் திரும்பியது.

அங்கே மூன்று கோடாகத் திருநீற்றுப் பட்டை. நடுவில் வட்டமாகக் குங்குமப் பொட்டு.

முன் வரிசையில் இருந்த ஞானபாக்கியம் அம்மாள், "ஏ யப்பா, பட்டை போட்டிருக்கு!" என்றாள். பின்னால் ஒருவர் எழுந்து, "ஐயர் அவாள், இத அசனத்துப் பானையில போடலாமா?" என்று கேட்டார். ஏசுதாசன் காயைக் கீழே வைக்கவும் முடியாமல், பிடித்துக்கொண்டிருக்கவும் முடியாமல் விழித்தார். ஐயர், அதாவது எங்கள் குருவானவர், ஜெபமலரைப் பார்த்தார்.

அந்தப் பட்டை எப்படி வந்தது என்றே தெரியாது என்று அவள் சொல்லியிருந்தால் அதில் பொய்யே இல்லை. காயை ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததைத் தூக்கியிருப்பார்கள். அவள் அந்தக் கோடுகளையே பார்த்தாள். முப்பது வருஷம் பிள்ளைகளின் சிலேட்டைப் பார்த்துக் கோட்டை வைத்தே ஆளைக் கண்டுபிடித்தவள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். பிறகு வாசலைத் திரும்பிப் பார்த்தாள். ஆச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, ஒரு காலால் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

ஜெபமலர் எழுந்து நின்றாள். "ஏசுதாசா, தப்பாச் சொல்லிட்ட."

"நீங்க சொன்னதத்தான டீச்சர் சொன்னேன்?"

"நான் சொன்னதும் தப்புதாம்ல. என் கையால மட்டும் வெளைஞ்ச காய் இல்ல இது. நான் வெத போட்டேன், தண்ணி விட்டேன், விரல நீட்டுனேன். காயக் காப்பாத்துனது அவங்க."

சொல்லிக்கொண்டே வாசலைக் காட்டக் கை எழுந்தது. கரும்பலகைக்கு நீளுவதுபோல அந்தச் சுட்டுவிரல் நீண்டது. பாதி வழியில் நின்றது. அவள் அதை ஒரு கணம் பார்த்துவிட்டு, மெல்ல மடக்கி, மடக்கிய விரலால் ஆச்சியைக் காட்டினாள்.

முதலில் சிரித்தது ஐயர்தான். பிறகு கோயிலே சிரித்தது. வீட்டில் விரலை மடக்குகிறவர்கள் எத்தனை பேர் என்று அந்தச் சிரிப்பிலேயே தெரிந்துபோயிற்று.

"யாராவது தடியங்காயத் தோலோட சமைப்பீங்களா?" என்று கேட்டார் ஐயர். "சீவும்போது பட்டையும் பொட்டும் தானாப் போயிரும். காய் நல்ல காய். ஏசுதாசன், திருத்திச் சொல்லும்."

"ஜெபமலர் டீச்சரும் குழல்வாய்மொழி ஆச்சியும் சேர்ந்து விளைவித்த முதற்பலன்!" என்று ஏசுதாசன் இன்னும் உரக்கச் சொன்னார். வாசலில் ஆச்சி, சாமி கும்பிடுவதா யாருக்காவது வணக்கம் சொல்வதா என்று தெரியாமல் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றாள். தடியங்காய்க் கூட்டு மட்டும் போட்டுக்கொண்டு ஒரு ஓரமாக அசனமும் சாப்பிட்டாள்.

திரும்பி வருகிற வண்டியில்தான் சண்டை.

"பரீட்சையையே கெடுத்துட்டியளே ஆச்சி! இதுக்குப் பேரு காப்பி அடிக்கது."

"நான் தடவலன்னா ஒங்க விரலுக்கு அது எப்பவோ அழுகியிருக்கும். ஜெயிச்சது நாந்தான்."

"சாம்பலும் ஓடும் வச்சா எதும் நிக்கும். விரலுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல."

"திருநீற விட்டுட்டியளே!"

நடுவில் என்னிடம் திரும்பி, "ஒங்களுக்குத் தெரியும். ஏன் சொல்லல?" என்றாள் ஜெபமலர்.

"நீ கேக்கலையே" என்றேன்.

அந்த வழக்கு பிறகு எந்த வருஷமும் தீரவில்லை. ஒவ்வொரு ஆவணியிலும் இவள் விரலை நீட்டுவாள். ஆச்சி ஒளிந்துகொள்ளாமல், கையை விட்டே தடவுவாள். நடுவில் இருந்த மூங்கில் வேலி இற்று விழுந்தபோது அதை யாரும் திரும்பக் கட்டவில்லை. பண்டிகைக்குக் காய் போகத் தவறியதும் இல்லை.

ஜெபமலர் போன வருஷம் மாசியில் காலமானாள். சுகக்கேடு அதிகமில்லை, படுத்ததும் அதிக நாள் இல்லை. அடுத்த வைகாசியில் நான் விதை போட்டேன். கொடி ஓடியது, பூத்தது, வேலி இருந்த இடத்தில் ஒரு பிஞ்சு பிடித்தது. ஆனால் ஆச்சி அந்தப் பக்கம் வரவேயில்லை. ஒரு நாள் நானே போய்ச் சாம்பல் தூவவில்லையா என்று கேட்டேன்.

"அவ நீட்டுனா நான் தடவுவேன். இப்ப யாரு நீட்டுதா, நான் எதுக்குத் தடவ?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் நான் பிஞ்சின் முன்னால் போய் நின்றேன். கம்பவுண்டர் விரல், மருந்துக் குப்பியைக் குலுக்கிப் பழகியது, நீட்டிப் பழக்கமில்லை. முழுசாக நீட்டி, ஆச்சி வீட்டு அடுக்களைவரை கேட்கிற மாதிரி, "அ! அம்மா!" என்றேன்.

உள்ளே ஏதோ பாத்திரம் ணங்கென்று விழுந்தது.

"ஏ சார்! ஒங்களுக்குமா புத்தி கெட்டுப் போச்சு?" என்று கத்திக்கொண்டே, ஒரு சிரட்டை நிறையச் சாம்பலோடு ஆச்சி ஓடி வந்தாள்.